உன் அம்மா கழுவிய ஏழு பாட்டில்கள்

இன்று காலை எங்கள் கல்லூரியின் ஆசிரியர் அறையில் யாரோ கெட்டிலுக்குள் வினிகரை ஊற்றிக் கொதிக்கவிட்டுவிட்டார்கள். அடியில் வெள்ளையாகப் படிந்திருந்த உப்பு போகவேண்டுமாம். அறை முழுக்கப் புளித்த நெடி. ஆளாளுக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறக்க ஓடினார்கள். நான் மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை. உடம்பு சரியில்லையா என்று பக்கத்து மேசைக்காரி கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். உனக்கு ஒரு கடிதம் எழுதவேண்டும் என்று நினைத்து, இன்று நாளை என்று மாதக்கணக்கில் தள்ளிக்கொண்டே இருந்தேன். அந்த நெடிக்குப் பிறகு தள்ளிப்போட முடியவில்லை.

நீ போய் ஒரு வருடம் தாண்டிவிட்டது. சுற்றி வளைத்துப் பேசினால் உனக்குப் பிடிக்காது. "விஷயத்துக்கு வாடி" என்பாய். விஷயத்துக்கு வர எனக்கு எப்போதுமே நேரம் பிடிக்கும், உனக்குத் தெரியும். கொஞ்சம் பொறுத்துக்கொள்.

நாம் இருவரும் ஒரே ஆசிரியரிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த வருடம், நான் கடலைப் பார்த்தாலே பயப்படுகிற ஆள். இரும்பைக்கு மேற்கே மணிலாக்கொட்டையும் சவுக்கும் பயிர் போடுகிற குடும்பம் எங்களுடையது. நீ மரக்காணத்துக்காரி. அப்பா உப்பளத்தில் கூலி வேலை, அம்மாவுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் நிற்கிற இடத்தில் ஒரு டீக்கடை. நாம் ஆராயப்போகும் பாசியை ஊரிலேயே காட்டுகிறேன் என்று ஒரு சித்திரை மாத முற்பகலில் என்னை இழுத்துக்கொண்டு போனாய். கண்ணைத் திறக்க முடியாத வெயில். ஒரு பாத்தியில் தண்ணீர் பச்சை. வரப்பு தாண்டினால் அடுத்த பாத்தியில் ஆரஞ்சு. யாரோ சாயம் கலந்துவிட்டார்கள் என்றுதான் நான் நினைத்தேன். நீ ஒரு கை அள்ளிக் காட்டினாய். ரெண்டும் ஒரே பாசிதான், உப்பு ஏற ஏற உடம்பைக் காப்பாற்றிக்கொள்ள இந்த நிறத்தைச் செய்துகொள்கிறது என்றாய்.

அன்று உன் அப்பா பாத்திக்குப் பாத்தி மடையைத் திறந்துகொண்டிருந்தார். மண்வெட்டியால் ஒரு வெட்டு, தண்ணீர் அடுத்த பாத்திக்குப் போகும். எந்தக் கிழமை எந்த மடையைத் திறப்பார் என்று நான் கேட்டேன். பட்டணத்துக்காரி மாதிரி கேட்கிறாளே என்று அவர் சிரித்தார். நீதான் பதில் சொன்னாய். "காலண்டர் பாத்தா தொறப்பாங்க? தண்ணி எவ்ளோ கெட்டியாச்சுன்னு பாத்துட்டுத்தான் மடையத் தொறக்கறது." அதை அப்போது நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நம்முடைய கேள்வி என்ன? அந்தப் பாசியின் உயிரணுவுக்குள், உட்கருவில், ஆரஞ்சு நிறத்தைச் செய்வதற்கான மரபணு ஒன்று இருக்கிறது. பாசி பச்சையாக இருக்கும்போது அது அடங்கிக் கிடக்கிறது. உப்பு ஏறும்போது விழித்துக்கொள்கிறது. விழிக்கவைப்பது யார்? நான் மரபணுவைக் கலெக்டர் மாதிரி நினைத்திருந்தவள். வெளியே உப்பு ஏறினால் ஒரு செய்தி உள்ளே போகும், அவர் உத்தரவு போடுவார், கீழே உள்ளவர்கள் செய்வார்கள். என் ஆய்வேடு முழுக்க அந்தச் செய்தியைத் தேடித்தான்.

நீ வேறு மாதிரி. கலெக்டர் ஆபீசுக்குப் போகாதே, முதலில் அடுப்படிக்குப் போ என்பாய். உணவை உடைத்துச் சக்தி எடுக்கிற வேலை உயிரணுவில் ஓயாமல் நடக்கிறது. அப்படி உடைக்கும்போது அசிட்டைல் என்று ஒரு சின்னத் துண்டு மிஞ்சுகிறது. மரபணு இழையோ உட்கருவில் ஹிஸ்டோன் என்ற புரதங்களைச் சுற்றி இறுக்கமாகக் கட்டிவைக்கப்பட்டிருக்கிறது, பிரிக்காத நூல்கண்டு மாதிரி. அந்த அசிட்டைல் துண்டு ஹிஸ்டோனில் போய் ஒட்டினால் இறுக்கம் தளர்கிறது, அங்கே இருக்கும் மரபணுவைப் படிக்க முடிகிறது. அப்படியானால் அடுப்படியில் என்ன வேகிறது, எவ்வளவு மிஞ்சுகிறது என்பதைப் பொறுத்துத்தானே உள்ளே எது திறக்கும் என்று கேட்பாய். மற்ற உயிரணுக்களில் இதைப் பற்றி உலகத்தில் பலபேர் பேச ஆரம்பித்திருந்தார்கள். நம் பாசியில் யாரும் பார்க்கவில்லை. நான் உன்னைச் சமையல்காரி என்று கேலி செய்துகொண்டிருந்தேன். நீ என்னைக் கலெக்டரம்மா என்றாய்.

அந்தக் கோடையில் ஆய்வகத்தில் பாசி வளர்க்கும் விளக்குப் பெட்டி பழுதாகிவிட்டது. சரிசெய்ய ஆள் வருவதற்குள் பாசி செத்துவிடும் என்று நீ எல்லாவற்றையும் உன் வீட்டு மொட்டைமாடிக்குக் கொண்டுபோனாய். பாட்டில் போதவில்லை. டீக்கடையில் காலியான காப்பித்தூள் பாட்டில்களை எடுத்துக்கொண்டாய். எல்லாப் பாட்டிலிலும் உப்புக் குறைவு. எல்லாமே பச்சையாக இருக்கவேண்டியவை. பத்தாம் நாள் ஏழு பாட்டில்கள் மட்டும் மஞ்சளாகி, பிறகு ஆரஞ்சை நோக்கிப் போயின.

என்னிடம்தான் முதலில் ஓடிவந்தாய். கலப்படம், ஏதோ அழுக்கு என்றேன். நீ விடவில்லை. அந்த ஏழிலிருந்தும் ஆரம்பத்திலேயே எடுத்து வைத்திருந்த மாதிரிகளைச் சோதித்தாய். நிறம் மாறுவதற்கு முன்பே நிறத்துக்கான மரபணு திறந்துவிட்டிருந்தது. உப்பு ஏறாமலே திறந்திருந்தது. பிறகு வீட்டுக்குப் போய் ஒவ்வொரு பாட்டிலாக விசாரித்தாய். மற்றவற்றை நீயே காய்ச்சி வடித்த நீரில் கழுவியிருந்தாய். அந்த ஏழு பாட்டிலையும் உன் அம்மா கழுவிக் கொடுத்திருந்தார்.

உங்கள் ஊர் நிலத்தடித் தண்ணீரில் கழுவினால் கண்ணாடி வெள்ளை பூத்துவிடும். டீக்கடைக்காரருக்கு அது பெரிய தலைவலி. கிளாஸ் அழுக்காக இருக்கிறது என்று குடிக்க வருகிறவன் முகம் சுளிப்பான். அதனால் உன் அம்மா கடைசியில் கொஞ்சம் வினிகரை ஊற்றிக் குலுக்கி, அப்படியே கவிழ்த்து வெயிலில் வைத்துவிடுவார். அதற்குமேல் தண்ணீரில் அலசமாட்டார். அலசினால் மறுபடியும் வெள்ளை பூக்குமே. வேறு ஊரில் யாராக இருந்தாலும் கடைசியாக ஒருமுறை அலசியிருப்பார்கள். நெடி வெயிலில் போய்விடும். ஆனால் வினிகரில் பாதி, படிந்திருந்த வெள்ளையோடு சேர்ந்து அசிட்டேட் என்ற உப்பாகப் பாட்டிலிலேயே தங்கிவிடும். அதைத்தான் உன் பாசி தின்றிருக்கிறது என்றாய். தின்றதிலிருந்து வந்த துண்டுதான் உட்கருவுக்குப் போய் மடையைத் திறந்தது என்றாய்.

அதை நீ ஆய்வுக் கூட்டத்தில் ஒளிக்காமல் சொன்னாய். உன் இடத்தில் நான் இருந்திருந்தால் வினிகர் என்ற வார்த்தையையே எடுத்திருக்கமாட்டேன். நம் ஆசிரியர் சிரித்துவிட்டார். டீக்கடையில் கழுவின பாட்டிலில் ஆராய்ச்சியா என்றார். அமிலம் பட்டால் பாசி மிரண்டு நிறம் மாறும், இதில் என்ன புதுமை என்றார். நீ மறுத்துப் பேசினாய். அவர் என் பக்கம் திரும்பி, நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டார்.

எனக்கு அப்போது மூன்று அத்தியாயம் முடிந்திருந்தது. உப்பின் செய்தி இல்லாமல் அந்த மரபணு திறக்காது என்று மூன்றிலும் எழுதியிருந்தேன். உன் ஏழு பாட்டில்கள் உண்மையானால் நான் முதலிலிருந்து தொடங்கவேண்டும். நீ காட்டிய வரைபடத்தைப் பார்த்தபோதே இதில் ஏதோ இருக்கிறது என்று எனக்குப் பட்டது. பட்டும் சொன்னேன்: "அசுத்தம்தான் சார்." மூன்றே நொடி. பேச்சு முடிந்துவிட்டது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பி என்று உன்னிடம் சொல்லிவிட்டார்கள்.

அன்று மாலை பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து நீ வேறு எதையெல்லாமோ பேசிக்கொண்டு வந்தாய். விடுதிச் சாப்பாடு, உன் சித்தி பெண்ணின் கல்யாணம், இப்படி. திட்டியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். நீ இறங்கியபோது கை வேறு காட்டினாய்.

மறுபடி ஆரம்பிக்க உனக்கு நேரமில்லை. உதவித்தொகை முடிகிற காலம். உப்புத் தண்ணீரில் நின்று நின்று உன் அப்பாவின் கால் புண் ஆறாமல் வேலைக்குப் போக முடியாமல் இருந்தார். நீ பாண்டியில் ரத்தப் பரிசோதனை செய்யும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தாய். நான் பட்டம் வாங்கினேன். வேலை கிடைத்தது. கிறிஸ்துமசுக்கு நீ கேக் கொண்டுவருவாய், பொங்கலுக்கு நான் கரும்போடு வருவேன். அந்தக் கூட்டத்தைப் பற்றி மட்டும் இருவரும் பேசமாட்டோம். அடுப்படிக்கும் உட்கருவுக்கும் உள்ள உறவு பற்றி ஒவ்வொரு புதுச் செய்தி வரும்போதும் உன்னைக் கூப்பிடலாம் என்று போனை எடுப்பேன். எடுத்து வைத்துவிடுவேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

சின்ன வயதில் வந்த காய்ச்சல் உன் இதய வால்வைக் கெடுத்து வைத்திருந்தது. இரண்டாவது அறுவை சிகிச்சைக்குப் பிறகு வீட்டில் இருந்தாய் அல்லவா, அப்போது ஒரு மதியம் வந்தேன். முதுகுக்கு மூன்று தலையணை வைத்து உட்கார்ந்திருந்தாய். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கியது. வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்த மன்னிப்பை அங்கே கொட்டினேன். நீ முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரித்தாய்.

"நீ சொன்னது சரிதான். அசுத்தம்தான். அந்த அசுத்தத்துக்குப் பேரு அசிட்டேட்டுன்னு நான் சொன்னேன். அவ்ளோதான் ரெண்டு பேருக்கும் சண்ட" என்றாய்.

நானும் சிரித்தேன். அதன்பிறகுதான் நீ குரலைத் தாழ்த்தினாய். பின்கட்டில் உன் அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தார். பாட்டிலைத் தான் கழுவியதால்தான் பெண்ணின் படிப்பு போயிற்று என்று அவர் இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாய். அன்றைக்கு யார் கழுவியது என்று நீ விசாரித்ததையும், அடுத்த மாதமே நீ படிப்பை விட்டதையும் அவரே முடிச்சுப் போட்டுக்கொண்டார். உதவித்தொகை என்றாய், அப்பாவின் கால் என்றாய். எதையும் அவர் நம்பவில்லை. கடையில் கண்ணாடி கிளாசையே ஒழித்துவிட்டு எவர்சில்வர் டம்ளருக்கு மாறிவிட்டார். அந்த டம்ளரில் நான் எத்தனையோ தடவை டீ குடித்திருக்கிறேன். காரணம் தெரியாது.

"அத மறுபடியும் வெச்சுப் பாரேன்" என்றாய். "எனக்கு ஒண்ணும் வேணாம்டி. அம்மாவுக்காக. நான் சொன்னா, மனசு நோவக் கூடாதுன்னு சொல்றேன்னு நெனச்சுக்கும். நீ சொன்னா நம்பும். நீதானே அசுத்தம்னு சொன்ன ஆளு."

தப்பாக வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். அதையும் அப்படியே சொல்லிவிடு, பொய் சொன்னால் அம்மா கண்டுபிடித்துவிடும் என்றாய்.

உடனே ஆரம்பித்தேன். என் ஆய்வகத்தில் நல்ல விளக்குப் பெட்டி இருக்கிறது, நல்ல பாட்டில்கள் இருக்கின்றன. வினிகர் ஊற்றிக் குலுக்கி, உலர்த்தும் பெட்டியில் வைத்து, முறைப்படி எல்லாம் செய்தேன். பத்து நாள், பதினைந்து நாள், இருபது நாள். எல்லாமே பச்சை. நல்ல கரும்பச்சை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. உன்னிடம் மறைக்கக் கூடாது என்று போனில் சொல்லிவிட்டேன். நீ கொஞ்சநேரம் மூச்சு வாங்கினாய். நான் எந்தத் தண்ணீரில் முதலில் கழுவினேன் என்று கேட்டாய். ஆய்வகத்துச் சுத்தமான தண்ணீர் என்றேன்.

"ரொம்பச் சுத்தமா செஞ்சிட்ட. எங்கம்மா மாதிரி கழுவுடி" என்றாய்.

நீ என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. மரக்காணத்துக்குள் தண்ணீர் நின்றது. உன்னைக் கல்லறைத் தோட்டத்துக்கு எடுத்துக்கொண்டு போனபோது குடை பிடித்தும் எல்லாரும் நனைந்தோம். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நான் என்ன ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது.

நீ சொன்னது எனக்கு அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது. பாட்டிலில் வெள்ளைப் படிவு இல்லையென்றால் வினிகர் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. சூட்டில் அப்படியே ஆவியாகிப் போய்விடும். படிவு இருந்தால்தான் அசிட்டேட்டாகத் தங்கும். எனக்கு வேண்டியது உங்கள் ஊர்த் தண்ணீர். இரண்டு கேனை எடுத்துக்கொண்டு மரக்காணம் வந்து, உன் தெரு அடிபம்பில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் கேனை முகர்ந்து பார்த்தார். தண்ணீர்தான் என்றேன். "இந்தத் தண்ணியயா டிக்கெட் போட்டு எடுத்துனு போற? நாங்களே கேன் தண்ணிதாம்மா வாங்கிக் குடிக்கிறோம்" என்றார். லக்கேஜ் டிக்கெட்டும் போட்டார்.

அந்தத் தண்ணீரில் கழுவி, காயவிட்டு, வெள்ளை பூத்தபிறகு வினிகர் ஊற்றிக் குலுக்கி, அலசாமல் மாடி வெயிலில் கவிழ்த்தேன். ஒன்பதாம் நாள் மஞ்சள். நான் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதேன். ஏழுக்கு ஏழும் மஞ்சள்.

நிறம் மட்டும் போதாது என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். அமிலம் பட்டு மிரண்டது என்பாரே நம் ஆசிரியர், அதற்காக ஒரு வரிசைப் பாட்டில்களில் வேறு அமிலத்தை அதே அளவு புளிப்புக்கு வைத்தேன். அவை பச்சையாகவே இருந்தன. அசிட்டேட்டை நிறம் செய்யும் மூலப்பொருளாக மட்டும் பாசி எடுத்துக்கொண்டது, உட்கருவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று யாராவது சொல்லலாம். அதற்காக, அசிட்டைல் துண்டை ஹிஸ்டோனில் ஒட்டும் நொதியை மட்டும் ஒரு மருந்தால் தடுத்தேன். பாசி அசிட்டேட்டைத் தின்றுகொண்டுதான் இருந்தது; மரபணு திறக்கவில்லை. கடைசியாக, எடை கொஞ்சம் கூடுதலான கார்பனால் செய்த அசிட்டேட்டைத் தின்னக் கொடுத்தேன். எங்கே போனாலும் அந்த எடையை வைத்து அடையாளம் கண்டுவிடலாம். ஹிஸ்டோனைப் பிரித்தெடுத்துச் சென்னைக்கு அனுப்பினேன். எடை பார்க்கும் கருவி அங்கேதான் இருக்கிறது. முடிவு ஒரு முற்பகலில், வகுப்புக்கு நடுவே வந்தது. பாட்டிலின் அடியில் தின்ற அந்தக் கார்பனேதான் உட்கருவில் ஹிஸ்டோன் மேல் உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு என்ன பாடம் நடத்தினேன் என்று எனக்கு நினைவில்லை.

அடுத்த ஞாயிறு, உன் அம்மா கோயில் பூசை முடிந்து வந்து கடை திறந்த நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். பெஞ்சில் ஓர் ஆள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் டீ வேண்டாம் என்று சொன்னதுமே உன் அம்மாவுக்கு ஏதோ இருக்கிறது என்று புரிந்துவிட்டது. அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். ஆரம்பத்திலிருந்து சொன்னேன். மாடி, ஏழு பாட்டில், கூட்டம், நான் சொன்ன வார்த்தை. ஹிஸ்டோன் என்ற பேச்சையெல்லாம் எடுக்கவில்லை. தின்ற சாப்பாட்டில் மிஞ்சுவது உள்ளே போய், எந்த வேலையை ஆரம்பிக்கலாம் என்று சொல்கிறது, அதை உங்கள் பெண் உங்கள் பாட்டிலில்தான் பார்த்தாள், நீங்கள் அலசியிருந்தால் அது தெரிந்தே இருக்காது என்றேன்.

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அழவில்லை. கடைசியில், "அப்ப அன்னிக்கு நீ அசுத்தம்னு சொன்னியே, அது தெரிஞ்சு சொன்னியா, தெரியாம சொன்னியா?" என்றார்.

இப்படி ஒரு கேள்வியை எந்த நேர்முகத்திலும் யாரும் என்னைக் கேட்டதில்லை. தெரியாமல் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடும் என்று நீ சொன்னது நினைவுக்கு வந்தது.

"பாதி தெரிஞ்சுதான் சொன்னேன்மா."

அவர் எழுந்து போய், பேப்பர் படித்தவருக்கு டீ ஆற்றிக் கொடுத்தார். சில்லறை வாங்கிப் போட்டார். அடுப்பைத் துடைத்தார். நான் எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். பிறகு திரும்பி வந்து நின்றார்.

"நான் கழுவுனது கெடக்கட்டும். எம்பொண்ணு அன்னிக்கு சரியாத்தான் பாத்துச்சா? அத மட்டும் சொல்லு."

"சரியாத்தான் பாத்தாம்மா. நாந்தான் பாக்கல" என்றேன்.

அதன்பிறகுதான் உன் அம்மா அழுதார். நானும். பெஞ்சில் இருந்தவர் டம்ளரை வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்விட்டார். வெகுநேரம் கழித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சாப்பிட்டுவிட்டுப் போ என்றார். போகவர இருக்கணும், என் பெண் போனதோடு நின்றுவிடாதே என்றார். இப்போது மாதம் ஒரு ஞாயிறு போகிறேன். மடையைத் திறக்கும் பருவத்தில் பாத்திப் பக்கம் நடந்துவிட்டு வருகிறோம். தண்ணீரைக் காட்டி இது பச்சை, இது மாறப்போகிறது என்று எனக்கே சொல்லிக்கொடுக்கிறார். பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது.

உன்னிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டவை நிறைய. அடுப்படியிலிருந்து ஆரம்பித்து யோசிப்பது உன்னுடையது. இப்போது என் வகுப்பில் அதைத்தான் நடத்துகிறேன், கலெக்டர் வேலையை விட்டுவிட்டேன். ஆனால் தினமும் எனக்குத் தேவைப்படுவது உன் அம்மாவின் கேள்விதான். கூட்டங்களில் இப்போது என் பக்கம்தான் திரும்பிக் கேட்கிறார்கள், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று. அசுத்தம் என்று சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், தெரிந்து சொல்கிறாயா, தெரியாமல் சொல்கிறாயா என்று எனக்குள் ஒரு தடவை கேட்டுக்கொள்கிறேன். பலமுறை வாயை மூடிக்கொண்டு, பாட்டிலைக் கொட்டவேண்டாம், எப்படிக் கழுவினீர்கள் என்று முதலில் சொல்லுங்கள் என்கிறேன். போன மாதம் அப்படிக் கொட்டாமல் நின்ற ஒரு பாட்டிலில் நாங்கள் எதிர்பார்க்காத ஒன்று இருக்கிறது. உனக்குச் சொல்லியிருந்தால் இரவெல்லாம் தூங்கியிருக்கமாட்டாய்.

நம் கட்டுரையை ஓர் ஆய்விதழுக்கு அனுப்பியிருக்கிறேன். உன் பெயர் முதலில், என் பெயர் அடுத்து. எழுதியவர்களில் ஒருவர் உயிரோடு இல்லையென்றால் பெயருக்கு மேல் சின்னதாக ஒரு குறி போடவேண்டுமாம், போட்டேன். படிவத்தில் முதல் கட்டுரையாளரின் முகவரி என்ற இடத்தை நிரப்பாமல் மேலே போக முடியவில்லை. என் கல்லூரி முகவரியைப் போடப் போய், நிறுத்திவிட்டு, கிழக்குக் கடற்கரைச் சாலை, மரக்காணம் என்று உன் அம்மாவின் கடை முகவரியை எழுதினேன். உலகத்தில் யாருக்காவது இதைப் படித்துவிட்டு ஒரு சந்தேகம் வந்து உனக்குக் கடிதம் எழுதினால், அது அங்கேதான் வரும். உன் அம்மா பிரித்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிடுவார். நான் போய்ப் படித்துச் சொல்வேன்.